அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில்

பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஆள் வரும் என்று செல்போனில் செய்தி வந்திருக்கிறது. பதினொன்றிலிருந்து இரண்டு என்றால் ஒன்றரை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா, பத்தொன்பது வருஷம் இதே திருச்சியில் அடுத்தவன் வீட்டு வாசலில் ஒன்றரை மணிக்குப் போய் நின்றவன் நான். சோற்றில் கை வைத்திருக்கிற மனுஷன் அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிடுவான் என்பது எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை. கிரெடிட் கார்டுக்கு எழுதிப்போட்டவன் சொன்ன விலாசத்தில் நிஜமாகவே குடியிருக்கிறானா, வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, சோபா இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் என்ன பெயர், எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதி வங்கிக்குக் கொடுப்பதுதான் அப்போது என் பிழைப்பு. வீட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய், பெட்ரோல் நம்முடையது. ஊரெல்லாம் கார்டு வாங்க வழிவிட்டவனுக்குச் சொந்தமாக ஒரு கார்டு வர அறுபத்தோரு வயசாகியிருக்கிறது, அதுவும் நான் கேட்டு வரவில்லை, இப்போது பில் எழுதுகிற லாரி புக்கிங் ஆபீஸில் எல்லாருக்கும் சம்பளக் கணக்கு தொடங்கினபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்பதாயிரம் லிமிட். அதை ஒன்றரை லட்சமாக்கித் தரும்படி எழுதிப்போட்டேன், வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். இப்போதெல்லாம் வீடியோவிலேயே முடித்துவிடுவார்களாம், ஒத்தி வீடு என்று எழுதியதால் ஆளை அனுப்புகிறார்களோ என்னவோ. அந்த ஃபாரத்தில் சொந்தமா வாடகையா என்று இரண்டே கட்டம்தான் உண்டு. கையிலிருந்ததை மொத்தமாக வீட்டுக்காரரிடம் ஒத்திக்குக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கட்டமே கிடையாது. நானே எத்தனை பேருக்கு அந்தக் கட்டத்துக்கு வெளியே பேனாவால் எழுதியிருப்பேன். லிமிட் கூடினால் என் மனைவி பிலோமினாவின் இரண்டு காதுக்கும் மெஷின், மாசாமாசம் கட்டிக்கொள்ளலாம். கூடாவிட்டால், இல்லை, அதை நினைக்கக் கூடாது, காலையிலிருந்து அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்று இருபது. நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பாத்ரூம் போயிருக்கிற நேரத்தில் பெல் அடித்தால் போச்சு, இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஆள் இருக்கிறாள். அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு இருக்கிறாள், கத்தி பலகையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்காது. சவரிமுத்து, உனக்கு என்ன காதுடா, எலி நடந்தால்கூடக் கேட்கும் என்று என் அம்மா சொல்வாள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தன் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா. முதலில் அவள் என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். என்ன? என்ன சொன்னீங்க? ஆறு வருஷம் முன்னால். ஒரு நாளைக்கு நாலு தடவை, பிறகு நாற்பது. நான் சிரித்தேன். செவிட்டுப் பொணம் என்று செல்லமாகக்கூடச் சொன்னேன், செல்லமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிலோமினா கோயில் பாட்டுக் குழுவில் இருந்தவள், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு அவள் குரல் தனியாகக் கேட்கும். ஒரு நாள் ஆர்மோனியம் நின்ற பிறகும் அவள் பாடிக்கொண்டே இருந்தாள். ஒரு வரிதான். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைத் தொட்டாள். வீட்டுக்கு வந்ததும், இனி பாட வேண்டாம், என் மானத்தை வாங்காதே என்று சொன்னது நான். அன்றோடு அவள் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் தைராய்டு, தொண்டை சரியில்லை என்று சொன்னதும் நான்தான். தைராய்டு என்றால் மரியாதையான வியாதி, காது என்றால் மட்டம் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது? ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பூசையில் நாங்கள் கடைசி பெஞ்சு, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நான் அவள் முழங்கையைக் கிள்ளுவேன். கொஞ்சம் மெதுவாகக் கிள்ளியிருக்கலாம்.

மணி பார்க்கிறேன், பன்னிரண்டுகூட ஆகவில்லை. சோபா உறையைக் காலையில் மாற்றினேன், மாதா படத்துக்குக் கீழே இருந்த பழைய மிக்ஸியை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிலோமினா பார்த்துக்கொண்டே நின்றாள். பேங்க்லேர்ந்து ஆள் வருது என்றேன். தலையாட்டினாள். அவள் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று கண்டுபிடிப்பதை நான் விட்டு வெகுநாளாகிறது. இந்தக் கார்டு வரப்போகிறது என்றபோது நான் சந்தோஷப்படக்கூட இல்லை, விலாசச் சான்று வேண்டும் என்றார்கள், கரண்ட் பில்லைத் தேடி அவளுடைய பிளாஸ்டிக் கவரைத் திறந்தேன். ஞானஸ்நானச் சீட்டு, எங்கள் கல்யாணச் சீட்டு, நடுவில் நாலாக மடித்த ஒரு தாள். பங்குக் கோயிலில் நடந்த காது பரிசோதனை முகாம். அவள் பெயர், அவள் வயசு, மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு கோடு, இரண்டு காதுக்கும் கருவி தேவை என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. தனியாகப் போய், தனியாக வரிசையில் நின்று, பெயர் கூப்பிடுகிறார்களா என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பரிசோதனை செய்துகொண்டு வந்திருக்கிறாள், அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு டீயும் போட்டுக் கொடுத்திருப்பாள். தாளின் பின்பக்கம் பென்சிலால் அவள் கையெழுத்து. ஒரு காது இருபத்திரண்டாயிரம். அதற்குக் கீழே, இவருக்கு வேலை இல்லை, இப்போது வேண்டாம். அவ்வளவுதான். அந்த வருஷம்தான் ஏஜென்சியை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது, கரண்ட் பில்லைத் தேட வந்தது மறந்துபோய்விட்டது.

மறுநாளே அவளைத் தில்லைநகரில் ஒரு காது மெஷின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆரம்பத்துலயே வந்திருந்தா நல்லாருந்திருக்கும் சார். இப்ப மெஷின் வச்சா சத்தம் கேக்கும். பேச்சு புரியுறதுக்கு நாளாகும், பழக்கம் விட்டுப்போச்சுல்ல. ரெண்டு காதுக்கும் நல்லதா போட்டு, வீட்ல நீங்க பொறுமையா பேசிப் பேசிப் பழக்கணும்." பொறுமையாக நான். சொன்னவளுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும். பிறகு ஒரு மெஷினைச் சும்மா மாட்டிப் பார்த்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவது? முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்தினவளிடம் பேச எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. பிலோ என்றேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சத்தம் இது, தகரத்த இழுக்குற மாரி?" என்றாள். கடைப்பெண் சிரித்துவிட்டு, "அது சார் குரல்தாம்மா, போகப்போகப் பழகிடும்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். பிலோமினா படித்துவிட்டு, மெஷினைத் தானே கழற்றி, பஞ்சில் சுற்றி, பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். செலவை நினைத்துத்தான் அப்படி வைக்கிறாள் என்று நினைத்தேன். வாங்கியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒரு லட்சத்து முப்பதாயிரம், வட்டியில்லாத தவணை, ஆனால் கார்டில் அவ்வளவுக்கு இடம் வேண்டும். ஒரே ஒரு தடவை அவளுக்கென்று ஒன்றைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது. மலிவாக ஒரு காதுக்கு மட்டும் வாங்கிக் கணக்கை முடித்துவிட என்னால் முடியாது.

வருகிற ஆள் முதலில் என் வீட்டு பெல்லை அடிக்கமாட்டான். எதிர்வீட்டில்தான் கேட்பான். நானும் அப்படித்தான் செய்வேன், இன்னார் எப்படி என்று கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பேன். பதில் ஒன்றும் முக்கியமில்லை. ஒரு தடவை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள், கார்டுக்கு எழுதியிருந்தாள், நான் யாரென்று தெரியாமலேயே, வெயில்ல வந்திருக்கீங்க என்று மோர் கொடுத்தாள். குடித்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் முதலில் தெருவைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், தினமும் புருஷன் பெண்டாட்டி சண்டைங்க, எங்க நிம்மதிய கெடுக்குறாங்க என்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் நல்ல பெயர் இல்லை. எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சண்டை என்றால் யார் யாரை அடித்தது, யார் குரல் வெளியே வந்தது, யார் குரல் வரவேயில்லை, இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் இடம் இல்லை, இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், முப்பத்தைந்து ரூபாய்க்கு எவ்வளவுதான் கேட்பது. அவளுக்குக் கார்டு கிடைத்திருக்காது. மாவு மெஷின் வாங்கத்தான் எழுதியிருந்தாளோ என்னவோ. அந்த மோர் ஏன் இன்றைக்குப் போய் ஞாபகத்துக்கு வர வேண்டும், உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதனால்தான் நேற்று எதிர்வீட்டு மங்கையர்க்கரசியிடம் போனேன். தொழில் தெரிந்தவன் செய்கிற முட்டாள்தனம் இதுதான், சாட்சியைத் தயார் பண்ணுவது. அவள் கூட்டுறவு பண்டகசாலையில் வேலை செய்கிறாள், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், ஏழு வருஷமாக எதிரெதிரே இருக்கிறோம், நல்ல மாதிரி. நாளைக்கு நீ லீவுன்னு சொன்னியேம்மா, பேங்க்லேர்ந்து ஒரு ஆள் வந்து கேக்கும், ஏழு வருஷமா இங்கதான் இருக்காங்க, அமைதியானவங்க, யார் வம்புக்கும் போகமாட்டாங்க, அப்படி ரெண்டு வார்த்தை சொல்லும்மா என்றேன். "அதுக்கென்ன சார், சொல்லிடறேன்" என்றாள். திரும்பினேன். "சார்" என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. சாயங்காலத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா திட்டுங்க. பாப்பாவுக்குப் பரீட்சை நெருங்குது. புத்தகத்த வச்சுக்கிட்டு அழுவுறா." நான் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்வது. செருப்பு மாட்டத் தெரியாமல் வலதை இடதில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அவளுக்குக் காது கேட்காதும்மா, அதனால்தான் சத்தமாகப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சத்தமாகப் பேசினதற்காகவா ஒரு பெண் பிள்ளை அழும்? நான் பேசினது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை போன அந்த வருஷம்தான் இது ஆரம்பித்தது. நாள் முழுக்க வீடு, சுவர், இவள். முதல் தடவை உப்பில்லாத குழம்புக்காகத்தான், சனியனே என்றேன், அவள் திரும்பவில்லை. கேட்கவில்லை என்று புரிந்தபோது எனக்கு என்ன தோன்றியது? ஆண்டவரே, எனக்குச் சுகமாக இருந்தது. சொல்லலாம், யாரையும் புண்படுத்தாமல் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிறகு தினமும். உன்னைக் கட்டி என்னத்தைக் கண்டேன், ஒரு புழு பூச்சி உண்டா உன் வயித்துல, உன்னோட சேத்து என்னையும் இந்த வீட்ல புதைச்சிட்டியே. அவள் எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்வேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, தண்ணி கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொல்வேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் வேறு. அவள் காதில் விழாதது எதிர்வீட்டுப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, நாலு வருஷமாக, கணக்குப் புத்தகத்தின் மேல். லாரி ஆபீஸில் வேலை கிடைத்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். பழகிவிட்டது. தாளைப் பார்த்த அன்றைக்குத்தான் நிறுத்தினேன், இல்லை, நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம் கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டதற்கு மறுபடி வாயில் வந்துவிட்டது.

மெஷின் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். அவள் கேட்பாள், அதனால் நான் பேசமாட்டேன், அப்படிப் பேசமாட்டேன். காகிதத்தில் கடைப்பெண் எழுதிக் கொடுத்த பயிற்சி இருக்கிறது. தினமும் அரை மணி நேரம், சின்னச் சின்ன வார்த்தைகள். பால். கதவு. மழை. பிலோமினா. ஒவ்வொன்றாக நான் சொல்ல அவள் திருப்பிச் சொல்வாள். ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும். பழையபடி பாடக்கூடச் செய்யலாம், கோயிலில் வேண்டாம், வீட்டிலாவது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணியைப் பார்த்தேன், ஒன்று இருபத்தெட்டு. தொழில் மாறவேயில்லை.

எதிர்வீட்டு பெல். நான் எழுந்து எங்கள் கதவில் காதை வைத்தேன். வந்திருப்பது ஒரு பெண், குரலைப் பார்த்தால் நாற்பது வயசு இருக்கும். "எதிர்த்தாப்புல சவரிமுத்துன்னு, எப்படிங்க அவங்க?" நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. "ஏழு வருஷமா இங்கதான் இருக்காங்க. அமைதியானவங்க. யார் வம்புக்கும் போகமாட்டாங்க." நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. என் பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு பதில் கேட்டிருந்தால், அந்த நாலு எண்ணிக்கைக்கே நெகட்டிவ் எழுதியிருப்பேன். இவளும் எழுதிவிடுவாள். பெல் அடித்தது. உடனே திறந்தால் கதவுக்குப் பின்னால் நின்றது தெரிந்துவிடும் என்று கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன்.

கையில் ஹெல்மெட், தோளில் பை, வேர்த்துப்போன முகம், உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், செல்போனில் தட்டினாள். எதிர்க்கதவு சாத்தவில்லை, மங்கையர்க்கரசி வாசலிலேயே நின்றிருந்தாள். பிலோமினா, சத்தம் எதுவும் கேட்காவிட்டாலும் வாசல் வெளிச்சம் மாறியதைப் பார்த்திருப்பாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "வீட்டம்மாவா? அம்மா, எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?" பிலோமினா அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தாள். வந்தவள் தூசிக்குப் போட்டிருந்த முகக்கவசத்தைப் பாதிதான் இறக்கியிருந்தாள். பிலோமினா என்னைப் பார்த்தாள். "அம்மா?" நான் வழக்கம்போல முந்திக்கொண்டிருப்பேன், தைராய்டு என்று சொல்லியிருப்பேன். "ஏழு வருஷம்" என்றேன். "அவங்க சொல்லணும் சார், ரூல்ஸ்" என்றாள் அந்தப் பெண். "சரி, லிமிட் எதுக்கு கூட்டிக் கேக்குறீங்க? காரணம் போடணும்."

"என் சம்சாரத்துக்குக் காது கேக்காது" என்றேன். "ஆறு வருஷமா கேக்காது. மெஷின் வாங்கணும்."

சொல்லிவிட்டேன். முதல் தடவையாக, கதவு திறந்திருக்க, அடுத்தவர்கள் காதில் விழும்படி. மங்கையர்க்கரசி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அதனாலதான் அப்படி சத்தமா பேசுவீங்களா சார்? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். நேத்து வேற அப்படி சொல்லிட்டேனே, மன்னிச்சிருங்க சார்." அவள் கண்ணில் தண்ணீர். இல்லையம்மா, நீ நினைத்ததுதான் சரி என்று சொல்லத்தான் வேண்டும். நான் சொல்லவில்லை. பரவால்லம்மா என்றேன். பேங்கிலிருந்து வந்த பெண்ணும் முகம் இளகி, முகக்கவசத்தை முழுக்க இறக்கிவிட்டு, பிலோமினாவைப் பார்த்து, காதைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "சார், உங்களுக்கு, மெஷின், வாங்கப் போறாங்க. பேங்க்ல பணம் கேட்டிருக்காங்க."

பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். "எனக்கு மெஷின் வேணாம்மா" என்றாள். "அன்னைக்குக் கடையிலயே வேணாம்னுதான் கழட்டி வச்சேன்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, செலவுக்காகவா என்பதுபோல விரல்களைத் தேய்த்துக் காட்டினாள். இல்லை என்று பிலோமினா தலையை ஆட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. அவரைக்காய் முற்றல் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். "ஆறு வருஷமா இவரு வாயத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன். என்ன சொல்றாருன்னு எல்லாம் தெரியும். இன்னும் அத சத்தத்தோட வேற கேக்கணுமா?"

பால் வாங்கினீங்களா, சாவி எங்கே, இப்படிப்பட்டதற்கெல்லாம் நூறு தடவை என்ன, என்ன என்று கேட்டவள், நான் திட்டினபோது மட்டும் ஒரு நாளும் என்ன என்று கேட்டதில்லை. இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது. எதிர்வாசலில் மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். செல்போன் மேல் விரலை வைத்தபடி அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "சார், என்ன போடட்டும்? லிமிட் வேணுமா, வேணாமா?"

பிலோமினா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.